மூச்சு வாங்குற அளவுக்கு

என் வீட்டுக்காரரைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். "கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு. தினமும் மூச்சு வாங்குற அளவுக்கு வேகமா நடக்கணும்."

என்னிடமா சொல்ல வேண்டும்! இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் நான். "முடியல மிஸ்" என்று உட்காரும் பிள்ளைகளை விசில் ஊதியே எழுப்பி ஓடவிட்டவள். இரைத்தால்தான் ஒழுங்காக ஓடியதாக அர்த்தம். என் வீட்டுக்காரரோ தையல் கடையில் கட்டிங் மாஸ்டர், மேஜையை விட்டு நகராத மனுஷன். விடிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

முதலில் அவருக்கு நாலாவது சுற்றில் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் இரண்டாவது சுற்றிலேயே. பிறகு பூங்கா கேட்டைத் தொடும்போதே. பரவாயில்லையே, நடை நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

வீட்டில் படுத்தால் சரியாகிவிடும். எழுந்து நின்றால் இரைக்கும்.

"அதெப்படிங்க, படுத்தா மட்டும் நல்லாயிருக்கு? சோம்பேறிங்களுக்குன்னே வந்த வியாதியா?"

"உன் விசிலுக்குப் பயந்துதான் மூச்சு ஓடுது டீச்சர்" என்று சிரிப்பார். ஆனாலும் எழுந்துவிடுவார்.

நேற்று கடையில் கத்தரிக்கோலோடு சரிந்து விழுந்தார். நகமெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் கிளிப் மாட்டினார்கள். படுத்திருந்தபோது தொண்ணூறு காட்டியது. உட்கார வைத்ததும் எழுபத்தெட்டு.

"அந்தக் கொழுப்பால வெளியில தெரியாமலே கல்லீரல் கெட்டு சுருங்கிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "அதனால நுரையீரல்ல ரத்தக்குழாய்ங்க விரிஞ்சு போயிருக்கு. ரத்தம் காத்தை வாங்காமலே ஓடிடுது. நிமிர்ந்தா இன்னும் மோசம். நடந்ததால வந்ததில்லம்மா, நடை நல்லதுதான். ஆனா வர வர மூச்சு அதிகமா வாங்கினா உடனே வந்திருக்கணும். எத்தனை நாளா இப்படி?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "ரெண்டு நாளாத்தான் டாக்டர்" என்றார்.

"மூணு மாசம்" என்றேன். "தினமும் சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"வேற கல்லீரல் வெச்சாத்தான் இது சரியாகும். இந்த நிலைமையில ஆபரேஷனை உடம்பு தாங்குமான்னு தெரியல."

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டரம்மா குனிந்து மறுபடி எழுதத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து என் புடவை முந்தானையை மெல்ல இழுத்தார்.

"நாளைலேருந்து நடக்க வேண்டாம்ல?"

கேலி பேசுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.