தையல்காரரைக் கண்டால் தூங்கும் லேப்டாப்

அந்த லேப்டாப்புக்குத் தையல்காரரைக் கண்டாலே ஆகாது. அவர் மனைவி ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவள். அவள் உட்கார்ந்தால் நாள் முழுக்க முரண்டு பிடிக்காமல் ஓடும். அவர் உட்கார்ந்து கை வைத்தால் போதும், திரை கறுத்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால், உயிர் வருவதுபோலப் பாவனை காட்டிவிட்டுத் திரும்பவும் கறுக்கும்.

"உங்க கைராசி அப்படி," என்பாள் மனைவி.

மற்ற நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அன்று காலை பத்து மணிக்கு அவருக்கு வகுப்பு. காலர் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கேள்விப்பட்ட ஒரு தையல் பயிற்சி நிலையம், வீட்டிலிருந்தே இணையத்தில் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று கெத்தாகச் சொன்னாரே தவிர, மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை.

பழுது பார்ப்பவரிடமும் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. கடையில் அது பரம சாதுவாக ஓடியது. பழுது பார்ப்பவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்து, "இதுக்கு மேல பார்க்க இதுல ஒண்ணுமில்லண்ணே," என்று கையை விரித்தார். தையல்காரர் வீட்டுக்கு வந்தார், இடது மணிக்கட்டில் குண்டூசிகள் ஒட்டிக்கொள்ளும் காந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டார், மேஜை முன்னால் உட்கார்ந்தார். பழைய கதைதான். வீட்டில் அந்தப் பட்டை இல்லாமல் இருப்பது அவருக்குச் சட்டை போடாமல் இருப்பது மாதிரி.

வகுப்பு நாளன்றும் அதே கூத்து. வெட்டிவைத்த காலர் துணிகள் வரிசையாகக் காத்திருக்க, திரை இருண்டு கிடந்தது.

"நிலையத்துக்கு ஃபோன் போட்டு, எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"பொய் சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்கோங்க. என் தலையில எதுக்குக் கட்டுறீங்க?"

அவர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். அழுகை வரும்போல இருந்தது, அதற்குத்தான் போனார்.

மனைவி பொத்தானை அழுத்தினாள். லேப்டாப் சமத்தாக எழுந்துகொண்டது. பின்னால் திரைச்சீலை கோணலாகத் தொங்குவது கேமராவில் தெரியவே, பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு போய், சீலையை ஊசி குத்திச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கை வைத்தாள். திரை கறுத்தது.

"என்னங்க, இது இப்போ என்கூடவும் சண்டைக்கு வருது."

ஈர முகத்தோடு வந்தவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தார். உடனே பழுது பார்ப்பவருக்கு ஃபோன் போனது. பட்டையைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு.

"மூடியைச் சாத்தினா தெரிஞ்சுக்க உள்ளே ஒரு சென்சார் இருக்குண்ணே. காந்தம் கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சுத் தூங்கிடும். கடைக்கு வந்தப்போ அதைக் கட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"வெளியே போறப்போ யாராவது குண்டூசியோட போவாங்களா, தம்பி?"

பட்டை சமையலறை அலமாரிக்கு நாடு கடத்தப்பட்டது. பத்து மணிக்குத் திரை நிறைய முகங்கள். அவர் வணக்கம் சொன்னார், காலர் துணியை எடுத்து மடித்தார், விளக்க ஆரம்பித்தார். முகங்கள் விழித்தன.

"சார், நீங்க பேசறது ஒண்ணும் புரியல," என்றாள் ஒரு மாணவி. "சத்தம் சரியா வரல."

மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா? கை பொத்தானை நோக்கிப் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடுங்க, அது நல்லாத்தான் இருக்கு. முதல்ல வாயில இருக்கற குண்டூசியையெல்லாம் எடுங்க."

பட்டை இல்லாத குறைக்கு, கை தன்பாட்டுக்கு ஊசிகளை உதட்டில் சொருகி வைத்திருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். திரை முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு பேச்சும் வந்தது.

"சரி, எல்லாரும் எழுதிக்கோங்க. முதல் பாடம், தைக்கறப்போ வாயில ஊசி வைக்கக் கூடாது," என்றார் வாத்தியார்.