பெரியம்மா போட்டுவிட்ட ஷூ

பள்ளி மைதானத்தில், பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் ஷூ கம்பெனிப் பெண்கள். எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் முதலாளியின் அம்மா பிள்ளைகளுக்கு இலவச ஷூ கொடுக்கும் நாள் என்பதால், கம்பெனி வேலை இன்றைக்கு இங்கே வந்துவிட்டது. முதல் பெட்டியைத் திறந்த பிசினக்கா ஒரு ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

சோல் ஒட்டும் வேலை அவளுக்கு. விரல் நுனியில் காய்ந்த பசை எந்நேரமும் தோலாக உரிந்துகொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்தான் அது. ஷூவின் நாக்கை இழுத்துப் பார்த்தாள். உள்பக்க ஓரத்தில் கத்தரியால் போட்ட சின்ன வெட்டு, அவளே போட்டது. போன மாதம் வந்த பசை கெட்டுப்போயிருந்தது. ஒட்டிய சோல் நாலு எட்டு வைப்பதற்குள் வாயைப் பிளந்தது. கழித்துப் போட்டவை தெரியாமல் கடைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அந்த வெட்டு. பசை வாங்கியது கம்பெனி. பிடித்தம் விழுந்தது ஒட்டிய பெண்களின் சம்பளத்தில். ஏன் என்று கேட்டவளுக்கு மறுநாளே வேலை போனது.

"அக்கா, இது நாம கழிச்சுப் போட்டதுதானே?" என்றாள் பக்கத்தில் இருந்த தையல்காரி.

"மெதுவா பேசுடி. சூப்பர்வைசர் அங்கதான் நிக்குறாரு."

"எம்புள்ள வரிசையில நிக்குறான்க்கா."

"எம்பொண்ணு மட்டும் வானத்துலயா நிக்குறா? முதல் ஜோடியே அவளுக்குத்தான்."

இத்தனை பேர் முன்னால் சோல் கழன்று விழுந்தால் யார் தலை உருளும் என்று இருவருக்கும் தெரியும். தையல்காரி அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பிசினக்காவின் மகள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"காலைக் குடு கண்ணு. நான் உன் வயசுல வெறுங்காலோட நடந்தவ. அந்தச் சூடு இன்னும் மறக்கல."

பாதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பொய்யாகத் துடைக்கவில்லை. பெட்டியோடு பக்கத்தில் நின்று, அவரை வெறுத்துவிடலாம் என்று பார்த்த பிசினக்காவால் அது முடியவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஷூவை மாட்டி நாக்கைச் சரிசெய்த பெரியம்மாவின் விரல் வெட்டில் பட்டு நின்றது.

"இது என்னம்மா, வெட்டுப்பட்டிருக்கு?"

சூப்பர்வைசர் பிசினக்காவைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"அது... அளவு தெரியறதுக்குப் போடுற அடையாளம்மா," என்றாள் பிசினக்கா.

"அடேயப்பா, என்ன ஒரு கவனம்!" என்று பூரித்துப்போனார் பெரியம்மா.

மற்றப் பிள்ளைகளுக்குக் கம்பெனிப் பெண்களே ஷூ மாட்டி நாடா கட்டினார்கள். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"காலைத் தூக்காதடா. தேய்ச்சுத் தேய்ச்சு நட. ஓடுனே, தோலை உரிச்சிடுவேன்."

பிசினக்கா மகளிடமும் அதையே சொன்னாள். "ஏம்மா, புதுசுதானே?" என்று கேட்டது குழந்தை. அவள் நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"எங்க, எல்லாரும் ஒரு தரம் நடந்து காட்டுங்க பார்ப்போம்," என்றார் பெரியம்மா.

வரிசை நகர்ந்தது. குதிப்பவர் இல்லை, தள்ளுபவர் இல்லை. சர் சர்ரென்று தரையைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க, ஓட்டம் இல்ல, ஆட்டம் இல்ல. எவ்வளவு அடக்கமா வளர்த்திருக்காங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கவும் பிசினக்காவும் தட்டினாள். வரிசையின் முன்னால் அவள் மகள், தலை குனிந்து, ஷூவுக்குள் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையைவிட்டு எடுக்காமல் போய்க்கொண்டிருந்தாள்.