கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணி

1

“அந்த அம்புக்குறிய ஒரு தட்டு தட்டினா நான் காணாமப் போறேன். இன்னொரு தட்டு தட்டினா வர்றேன். நான் என்ன உன் வீட்டு லைட்டாடி?”

“அண்ணி, நான் ஒண்ணுமே பண்ணல. கம்ப்யூட்டர் அதுவா பண்ணிச்சு.”

“ஆமா, கம்ப்யூட்டருக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறு!”

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான். என் சமையலறை ஜன்னலுக்கும் அவர்களுடைய திரைச்சீலைக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து. சந்து என்பதும் மரியாதைக்குச் சொல்வது. நான் ஒட்டுக் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டுக் கேட்பதற்குக் கொஞ்சமாவது முயற்சி வேண்டும். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். குழாயை ஏன் மூடினேன் என்று கேட்டால், தண்ணீரை வீணாக்கக் கூடாது.

(முதலில் இதை வேறுமாதிரி தொடங்கியிருந்தேன்: ‘மனித உறவுகளில் மேல், கீழ் என்பது ஆதிகாலம் தொட்டே’ — வாக்கியம் அங்கேயே கொட்டாவி விட்டது. அடித்துவிட்டேன்.)

2

கடையில் இரண்டு பேர். அண்ணி அளவெடுப்பாள், துணி வெட்டுவாள். அவள் கணவனின் தங்கை தைப்பாள், வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவாள். தங்கைக்கு வீட்டில் குட்டி என்று பேர். முப்பதைத் தாண்டிவிட்டாள், தையல் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கி வைப்பாள், ஆனாலும் குட்டிதான். அந்தப் பேரில்தான் வந்தது வினை. கடைக்கு முறையாக ஒரு பேர் வைத்துப் பலகையும் மாட்டியிருந்தார்கள். தெருவில் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டுமே! ‘குட்டி கடை’ என்றே எல்லாருக்கும் வாயில் வந்துவிட்டது. அண்ணி அதைக் கேட்டு வெளியே சிரிப்பாள். கத்தரிக்கோல் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தமாகச் சத்தம் போடும்.

மெயில்களைக் குட்டி தனித்தனி ஃபோல்டராகப் போட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து ஆர்டருக்கு ஒன்று, துணி மொத்த வியாபாரிக்கு ஒன்று. இருவரைப் பற்றியும் யாராவது எழுதினால் போட்டு வைக்க ஒன்று. அதற்கு அவள் வைத்த பேர் ‘குட்டி/அண்ணி’. நடுவில் ஒரு சாய்கோடு.

தன் பேரை ஏன் முதலில் போட்டாள்? இங்கே எனக்குக் குட்டி மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ‘பணிவின் காரணமாகவே அவள்’ என்று ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கை பழக்கத்தில் தன் பேரை அடித்திருப்பாள், அடித்த பிறகு அண்ணி ஞாபகம் வந்திருக்கும், ஒரு கோடு போட்டுச் சேர்த்திருப்பாள். நீங்களும் நானும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் நம் ஃபோல்டரை அண்ணி பார்க்கப்போவதில்லை.

3

இப்போது ஒயர் வருகிறான். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஒயர் தொங்குவதால் அந்தப் பேர். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பழைய மெயில் புரோகிராம் படுத்துவிட்டது என்று, எல்லா மெயிலையும் புதிதாக ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.*

* இவனைக் குட்டிக்கு ஜோடியாக்கலாம் என்று ஒரு நப்பாசையில், முதலில் எழுதிய படியில் இவனுக்குச் சுருட்டை முடியும் கன்னக்குழியும் கொடுத்திருந்தேன். நேரில் பார்த்தவர்கள் என்னை மன்னிக்கவில்லை. திரும்ப வாங்கிவிட்டேன்.

மறுநாள் குட்டி திரை மாட்டிவிட்டு வர வெளியே போயிருந்தாள். பள்ளிக்கூடத்து ஜன்னல் அளவைப் பார்க்க, என்றைக்கும் தொடாத கம்ப்யூட்டரை அண்ணி திறந்தாள். அங்கே ‘குட்டி’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, பெரியவர்கள் பேசும்போது வாசலோரம் நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி, ‘அண்ணி’. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதைத் தட்டினால் குட்டி இருக்கிறாள், அண்ணி இல்லை.

எத்தனை முறை தட்டிப் பார்த்தாளோ! குட்டி திரும்பி வந்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

4

“எனக்கு இதெல்லாம் புரியாதுன்னு நினைச்சுட்டே இல்ல? கடைப் பேரும் உனக்கு, கம்ப்யூட்டர்லயும் நீ மேல. நான் உனக்கு அடியில ஒரு மூலையில!”

“அது சும்மா ஒரு ஃபோல்டர் அண்ணி!”

“சும்மான்னா என் பேர மேல போட்டிருக்கலாமே?”

அண்ணன் உள்ளே இருந்தான். அவனைப் பற்றிக் கதையில் அதிகம் வராது. சண்டை தொடங்கியதும் குளிக்கப் போனவன்.

பிறகு அண்ணி குரலைத் தாழ்த்தினாள். நான் ஜன்னலுக்கு அருகே போக வேண்டியதாயிற்று. “மாசக் கடைசியோட பிரிஞ்சுக்கலாம் குட்டி. வெட்டுற மேஜைய நான் எடுத்துக்கறேன். மெஷின் உனக்கு. கடைப் பேருதான் ஏற்கெனவே உன்னுதாச்சே.”

கத்தியிருந்தால் குட்டியும் கத்தியிருப்பாள். அண்ணி மெதுவாகச் சொன்னதுதான் அவளை உட்கார வைத்தது. குட்டி வெட்டினால் துணி கோணும், அது ஒரு பக்கம். காலையில் ஷட்டரைத் தூக்கினது முதல் இழுத்து மூடுகிற வரைக்கும் அவள் பேசுகிற பேச்செல்லாம் ஒரே ஆளிடம்தான். மேஜை போய்விட்டால் அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு தைக்க வேண்டும். அவள் அழவில்லை. போனை எடுத்து ஒயரைக் கூப்பிட்டாள். அண்ணியிடம் கத்தாத கத்தல் அத்தனையும் அவனுக்குக் கிடைத்தது.

5

ஒயர் வந்தான்.

“அக்கா, பழைய புரோகிராம்ல கோடுன்னா வெறும் கோடுதான். புதுசுல அப்படி இல்ல. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது பெட்டி, அந்தப் பக்கம் இருக்கறது அதுக்குள்ள இருக்கற பெட்டி. அதுவா பிரிச்சுக்கும்.”

“குடும்பத்தப் பிரிக்கவே ஒரு புரோகிராமா?” என்றாள் அண்ணி.

“அப்ப அண்ணி பேர முதல்ல போடு. நான் கீழ இருக்கேன்” என்றாள் குட்டி.

“பாவப்பட்டு எனக்கு ஒண்ணும் மேல இடம் வேணாம்!”

“சரிக்கா, நடுவுல நட்சத்திரம் போடட்டுமா? வேணாம், அதுக்கு ‘எல்லாத்தையும் கொண்டா’ன்னு அர்த்தம் எடுத்துக்கும். புள்ளி வச்சா சில இடத்துல அதையும் உடைச்சிடும். கேள்விக்குறி...”

“கேள்விக்குறிதான் இப்ப பொருத்தம்” என்றாள் அண்ணி.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு முழுப் பக்கம் தத்துவம் எழுதியிருந்தேன். ‘நமக்கு ஒரு கோடு சேர்ப்பதற்கு, எந்திரத்துக்கு அதே கோடு’ — வேண்டாம். ஒயர் சொன்னதே போதும்.)

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் மேஜை வண்டியேறுகிறது, குட்டி வாசலில் நிற்கிறாள், மழை. மழையை நான்தான் வரவழைத்தேன். இன்னொன்றில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அண்ணன் குளித்துவிட்டு வெளியே வருகிறான். இரண்டையும் கிழித்தேன். ஏனென்றால் நடந்தது வேறு. அப்போது நான் கடைக்குள்ளேயே இருந்தேன், ஒரு ஊசி கடன் கேட்டு.

ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று ஒயர் ‘குட்டி’யைத் திறந்தான். உள்ளே ஒரு மெயில்கூட இல்லை. வெறும் வெள்ளை.

“ஐயோ, எல்லாம் போச்சா?” குட்டி எழுந்துவிட்டாள்.

“போகலக்கா. மேல இருக்கற பெட்டி சும்மா பேருக்கு. கோடு இருந்ததால அதுவா முளைச்சது. மெயிலெல்லாம் கீழ்ப்பெட்டிலதான் இருக்கும்.” ‘அண்ணி’யைத் தட்டினான். மடமடவென்று வந்து விழுந்தது.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் மெயிலில் ஒருவர் கேட்டிருந்தார்: இரண்டு துணி சேரும் இடத்தில் பூவும் பூவும் பிசகாமல் சேர்ந்திருக்கிறதே, யார் வெட்டியது? கீழே குட்டியின் பதில்: எங்க அண்ணி. அடுத்ததிலும் கேள்வி வேறு, பதில் அதே. மூன்றாவது ஒரு புகார். ‘தங்கள் அண்ணி எங்கள் வீட்டு ஜன்னலையே கோணல் என்று சொன்னது மனதை மிகவும் புண்படுத்திவிட்டது.’ அதற்குக் குட்டி எழுதியிருந்தாள்: ‘அண்ணி சொன்னால் கோணலாகத்தான் இருக்கும்.’

அண்ணி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதெல்லாம் ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“ஒருநாள் உட்கார்ந்து வாசிச்சுக் காட்டணும்னுதான் போட்டு வச்சேன். நீங்க எங்க உட்கார்றீங்க?”

“கோணல்தான்டி அந்த ஜன்னல்” என்றாள் அண்ணி. “ரெண்டு விரக்கடை சாஞ்சிருந்துச்சு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வாசி.”

எனக்குத் தேவையில்லாத ஊசியோடு நான் வீடு திரும்பினேன். குழாயைத் திறக்கவில்லை.

7

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒயர் பக்கத்துத் தெரு மருந்துக் கடைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊருக்கே போய்விட்டான். கன்னக்குழி இல்லாமலேயே. அண்ணனுக்கு வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. குட்டியைப் பெண் பார்க்கவும் தூரத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து, திரைகளைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். இதில் ஏதோ ஒன்று நடந்தது. அந்த இருவரில் ஒருத்தி ஊர் மாறிப் போனாள். போன இடத்தில் இன்னொரு கடை. இரண்டு கடைக்கும் இன்றைக்கும் ஒரே மெயில்தான். இந்த மூலையில் ஒருத்தி திறந்தால் அந்த மூலையில் இன்னொருத்திக்குத் தெரியும்.

யார் போனது என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்துவிட்டேன். எழுதினால் ஒருத்தி விட்டுப் போனவள், ஒருத்தி விடப்பட்டவள் ஆகிவிடுவாள். இரண்டு பேரும் இதைப் படிக்கப் போகிறார்கள். என் கூடத்துக்குத் திரை தைக்கக் கொடுத்தது இன்னும் கைக்கு வரவில்லை. நீங்களே யாரையாவது வண்டியேற்றி விடுங்கள். வழியனுப்ப மட்டும் நான் வந்து நிற்கிறேன்.