நடுப்பெயர்

காலை நாலரை மணிக்கு என் வலது கை எனக்குச் சொந்தமில்லை. இல்லாத கத்தியைப் பிடித்தபடி விரல்கள் மடங்கிக் கிடக்கும். சோற்றுப் பானையின் சூட்டில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவேன். கட்டை விரல் கடைசியில்தான் வழிக்கு வரும். வெளியே மைனஸ் முப்பது, இருட்டு. ஆறு மணிக்குத் தொழிற்சாலைக்குள் போனால் அங்கே வேறு குளிர். ஈர ரத்தத்தின் துரு வாடை. சங்கிலியில் தொங்கி வரும் பன்றிகள்.

பன்றியின் தோளை வெட்டும் வரிசையில் நாங்கள் பதினாலு பேர். எல்லோரும் பிலிப்பைன்ஸின் பனாய்த் தீவுக்காரர்கள். ஒரு தோளுக்குப் பதினோரு வெட்டு. என் அப்பா கரும்பு வெட்டினார். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கணக்கு டீச்சராகப் படித்துவிட்டு, கனடாவின் மானிட்டோபாவில் பன்றி வெட்டுகிறேன்.

எங்கள் வேலை அனுமதியில் இந்த ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. வேறெங்கும் ஒரு தட்டுக்கூடக் கழுவ முடியாது. இரண்டு வருஷம் உழைத்தால் கம்பெனி ஒரு கடிதம் தரும், இந்த ஆள் எங்களுக்கு நிரந்தரமாக வேண்டும் என்று. அந்தக் கடிதம் இருந்தால்தான் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போடலாம்.

போட்டோம். ஒரே வாரத்தில் பதினாலு மனுவும் திரும்பி வந்தன. கடிதத்தில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் பொருந்தவில்லையாம்.

எங்கள் வழக்கத்தில் அம்மா வீட்டுப் பெயர் நடுவில் வரும், அப்பா வீட்டுப் பெயர் கடைசியில். நான் ஜொவெலின் சுமகாய்சாய் தாடிஃபா. எங்களுக்கு முன்பு இங்கே வெட்டியவர்கள் எல் சால்வடோர்காரர்கள். அவர்களுக்கு அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். அந்தப் பழக்கத்தில் அலுவலகப் பெண் நடுவில் இருப்பதுதான் அப்பா பெயர் என்று நினைத்து, எங்கள் பதினாலு பேரையும் அம்மா பெயரில் பதிந்துவிட்டாள். கம்பெனி கடிதத்தைத் திருத்திக் கொடுத்தால் முடிந்தது.

கொடுப்பதற்குள் எங்களில் ஒருவனான நெஸ்தோரின் கை போயிற்று.

அந்த வாரம் சங்கிலியின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். தோல் உரிக்கும் உருளை நெஸ்தோரின் கையுறையைக் கவ்வியது. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நான்தான் அடித்தேன். மூன்று முறை. உருளை நிற்கவில்லை. உள்ளங்கைத் தோலோடு இரண்டு விரலையும் எடுத்துக்கொண்ட பிறகுதான், யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாளே அவனை வேலைக்கு வரச் சொன்னார்கள். கட்டுப்போட்ட கையோடு எட்டு மணி நேரம் கேன்டீனில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான், ஆள் வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று, கணக்கில் விபத்து சின்னதாகத் தெரியும்.

திங்கட்கிழமை மேனேஜர் கிரெய்க் என்னைக் கூப்பிட்டான்.

"உக்காரு, மிஸ் சுமகாய்சாய்."

"அது எங்கம்மா வீட்டுப் பேரு சார். எங்கம்மாவையா வேலைக்கு வச்சிருக்கீங்க?"

சிரித்தான். "திருத்தின கடிதம் இதோ ரெடி. என் கையெழுத்துதான் பாக்கி." அதன் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தான். "இதுல உன் கையெழுத்து பாக்கி."

படித்தேன். உருளையின் பாதுகாப்புத் தடுப்பை நெஸ்தோர் தானே கழற்றினான், நான் பார்த்தேன் என்று இருந்தது.

"யாரும் கழட்டல சார். பொத்தான் வேலை செய்யல. விபத்துக்கு முன்னாடி, செவ்வாக்கிழமையே ஃபோர்மேன் டேரில்கிட்ட சொன்னோம்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"வாயால சொன்னோம்."

"அப்போ சொல்லல." அவன் குரல் உயரவே இல்லை. "உன் பர்மிட் எப்போ முடியுது?"

"பத்தொன்பது நாள்ல."

"நெஸ்தோருக்கு சனிக்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. கம்பெனி செலவுதான். நீ படிச்ச பொண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி. மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா கூப்பிடுவேன். முதல்ல யாரு போடறாங்களோ..." மிச்சத்தை என்னிடமே விட்டுவிட்டான்.

நான் பேனாவை எடுத்தேன். எடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் எழுதியவள்தான். எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், திரும்ப மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று நாள் வரிசையில் பேச்சே இல்லை. சாப்பாட்டு வேளையில் யாரும் யார் டப்பாவிலும் கை வைக்கவில்லை. ஒருவர் மாடியில் கிரெய்க் அறைக்குப் போய்த் திரும்பினால், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் கையிலும் கத்தி இருக்கிறது என்பது அந்த மூன்று நாளில்தான் எனக்கு உறைத்தது.

வியாழன் மாலை. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை. நெஸ்தோர் ஈரப் போர்வையை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். பூரிங் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். எங்களில் மூத்தவள் அவள், மூன்று பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவள்.

"என்னையும் கூப்பிட்டான். உன்னையும்தானேடி?" என்றாள் என்னிடம்.

தலையாட்டினேன். துணி எடுக்க வந்த மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்கக்கா," என்றான் நெஸ்தோர். "என் ஒருத்தனுக்காக எல்லாரும் ஊருக்குப் போகணுமா? விரல் திரும்ப முளைக்கவா போகுது?"

"வாய மூடுறா, பெரிய தியாகி! இன்னிக்கு உன் கை. நாளைக்கு என் கை. 'பூரிங்தான் கழட்டினா'ன்னு இவ எழுதிக் குடுப்பா. குடுப்பியாடி?"

"மாட்டேன்க்கா."

"வாயால சொல்லாத. வாயால சொன்னா சொல்லவே இல்லன்னுதானே அவன் என்கிட்டயும் சொன்னான்? படிச்சவதானே நீ, தாள எடு."

இஸ்திரிப் பலகை மேல் வைத்து எழுதினேன். பொத்தான் கெட்ட நாள், டேரிலிடம் சொன்ன நாள், நேரம், யார் யார் கேட்டார்கள் எல்லாம். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுத்தார். கீழே பதினாலு கையெழுத்து, அம்மா பெயரையும் அப்பா பெயரையும் முழுசாக எழுதி. நெஸ்தோருடையது இடது கையால், வரி தாண்டிக் கோணிப்போய்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி இடைவேளையில் ரத்தக்கறை மேலங்கியோடு மாடி ஏறினோம். நெஸ்தோரைக் கேன்டீனிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனோம். அந்த அறை எங்களுக்குப் போதவில்லை.

"ஒவ்வொருத்தரா வாங்கன்னேன்," என்றான் கிரெய்க்.

பூரிங் அக்கா தாளை வைத்தாள். "நகல் வெளியில இருக்கு சார். தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டருக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கோம். இவன் டிக்கெட்ட ரத்து பண்ணிட்டு, பதினாலு கடிதத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

படித்தான். காதுமடல் சிவந்தது. "நான் கையெழுத்துப் போடலன்னா உங்க கதி என்னன்னு தெரியுமா? பதினாலு பேரும் ஃப்ளைட்ல இருப்பீங்க."

"தெரியும் சார்," என்றேன். "எங்களை இங்க கொண்டுவர உங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசம் தோளை யாரு வெட்டுவா? டேரிலா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. கீழே சங்கிலி கிளம்பியது. தரை அதிர்ந்தது. எங்களில் ஒருவரும் நகரவில்லை. மேசைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"கிரெய்க், தோள் வரிசையில ஒரு ஆள்கூட இல்ல. பன்னி வந்து குவியுது. நிறுத்தவா?"

அவன் தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தான்.

"நிறுத்தவா வேண்டாமா? சொல்லித் தொலை!"

பூரிங் அக்கா விருந்தாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, நெஸ்தோரை உட்காரச் சொன்னாள். அவன் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்தான். நாங்கள் பதின்மூன்று பேரும் அவனைச் சுற்றி நின்றோம்.