பாலம் தாண்டியதும் இடது பக்கம்

என் கணவருக்கு இடது எது, வலது எது என்று கடைசி வரை தெரியாது. இதை நான் முப்பது வருடமாகச் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் முதல் பால்காரர் வரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். வெறும் வாயால் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் எண்பத்து நான்காம் பக்கத்தில் அச்சிலேயே ஆதாரம் இருந்தது.

புத்தகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மேற்கு மாநிலத்துக்கு மலையும் ஏரியும் பார்க்கப் போகிறவர்கள் வழியில் எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன வாங்கலாம் என்று சொல்லும் கையடக்கப் புத்தகம். "ஏரி அழகா இருக்குன்னு ஏரியைப் பார்த்தாலே தெரியும். நல்ல மரக்கரண்டி எங்கே கிடைக்கும்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்" என்பது அவர் கட்சி. பஸ் நிற்கிற இடத்துக் கடைகளை நாங்கள் சேர்க்க மாட்டோம். உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்குகிற கடையாக இருக்க வேண்டும். வாங்கி வந்த பொருளை ஒரு மாதம் வீட்டில் புழங்கிப் பார்த்து, அது உடையாமல், சாயம் போகாமல் இருந்தால்தான் கடை புத்தகத்தில் ஏறும். தேறாதவற்றை வைக்க எங்கள் பரணில் இடமில்லை.

அவர் கார் ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவேன். அவரிடம் 'இடது' என்று சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு வலது பக்கம் திரும்புவார். கல்யாணமான முதல் மாதமே இதற்கு ஒரு வழி செய்துவிட்டேன். "உங்க பக்கம் திரும்புங்க", "என் பக்கம் திரும்புங்க". ஸ்டியரிங் வலது பக்கம் இருந்ததால் அவர் பக்கம் என்றால் வலது, என் பக்கம் என்றால் இடது. அதற்குப் பிறகு ஒருநாளும் வழி தப்பியதில்லை. நோட்டிலும் அப்படியே எழுதிவிடுவேன். ஊர் திரும்பி, அந்த ஒரு மாதம் கழிந்து, டைப் அடிக்கும்போது இடது, வலது என்று மாற்றிக்கொள்வேன்.

எண்பத்து நான்காம் பக்கத்தில் ஏரிக்கரை ஊரின் கம்பளிக் கடை. 'பாலம் தாண்டியதும் இடது பக்கம், இரண்டாவது வாசல்' என்று போட்டிருந்தது. உண்மையில் கடை இருந்தது வலது பக்கத்தில். புத்தகம் வந்த மூன்றாம் மாதமே கடிதங்கள் வர ஆரம்பித்தன. இடது பக்கம் போய்க் கதவைத் தட்டினோம், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வந்து, எதிர்ப்பக்கம் போகச் சொன்னார் என்று ஒருவர். குழந்தை குட்டியோடு அலைந்தோம் என்று இன்னொருவர். நான் என் கணவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். நோட்டை எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை. தப்பு யாருடையது என்றுதான் தெரியுமே.

"ஆமா, நான்தான் ஏதாவது மாத்திச் சொல்லியிருப்பேன். விடேன்" என்றார் அவர்.

இரண்டாம் பதிப்பின்போது சரிசெய்துவிடலாம் என்றேன். "நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று தனியாகப் பஸ் ஏறிப் போனார். நான்காம் நாள் ஒரு சாம்பல் நிறக் கம்பளியோடு திரும்பி வந்தார். "கடை இடது பக்கம்தான் இருக்கு. மாத்த வேண்டாம்." கம்பளியை விரித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் நீல நூலில் நாலு தையல். நாங்கள் முதலில் வாங்கிய கம்பளியில் இப்படி ஒன்றும் இல்லை.

"ஒட்டுப் போட்டதை நம்ம ஊர்ச் சந்தையில வாங்கிட்டு வந்து என் காதுல பூ சுத்துறீங்களா? நீங்க அங்க போகவே இல்லை."

அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, அந்த வரியை மாற்ற விடவில்லை. நான்கு பதிப்புக்கும் இடது பக்கம் இடது பக்கமாகவே நின்றது. நாளாவட்டத்தில் கடிதங்களும் நின்றுபோயின. ஜனங்கள் அலுத்துப்போய்விட்டார்கள் என்று நான் சொன்னேன்.

போன வருடம் அவர் போய்விட்டார். ஐந்தாம் பதிப்புக்காகப் பதிப்பகத்துப் பெண் போன் செய்தாள். "அம்மா, எண்பத்து நாலாம் பக்கத்துல கம்பளிக் கடை இடதுன்னு இருக்கு. போன் மேப்ல வலது பக்கம் காட்டுது. எது சரி?"

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடமாக வீட்டில் சண்டை போட ஆளில்லை. இதோ ஒரு சண்டை மிச்சம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்து, அவர் செய்தது தப்பு, அதை மறைக்க அவர் சொன்னது பொய் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அந்த வரியைத் திருத்திவிட வேண்டும். பழைய நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி ஓட்ட என் நாத்தனார் வந்தாள். அவருடைய ஒரே தங்கை. அண்ணனைப் போலவே அதிகம் பேசாத பிறவி.

வழியெல்லாம் பழைய கடைகள். மரக்கரண்டி விற்ற இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஜாடிக் கடை அப்படியே இருந்தது, ஜாடிக்காரர்தான் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சார் வண்டியில இருக்காரா?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். நான் கடைக்குள் பேரம் பேசும்போது என் கணவர் எப்போதும் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில்தான் நிற்பார். இல்லை என்று சொன்னேன். அதற்குமேல் அந்தக் கடையில் என்னால் நிற்க முடியவில்லை. மலை ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விழுந்து கிடந்தது. அழகாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? நாத்தனாரிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

மூன்றாம் நாள் ஏரிக்கரை ஊர். பாலம் தாண்டியதும், "வலது பக்கம் நிறுத்து" என்றேன். இரண்டாவது வாசல். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. மேலே 'கம்பளி' என்ற எழுத்துகள் வெளுத்துப்போய், ஆனால் படிக்கிற மாதிரி இருந்தன.

"பார்த்தியா? கடை இங்கதான் இருந்திருக்கு. வலது பக்கம். உங்கண்ணன் சாதிச்சாரே!"

"அண்ணி" என்றாள் நாத்தனார். "அந்தப் பக்கம் பாருங்க."

எதிரே, இடது பக்கம், இரண்டாவது வாசலில் நான்கு வெளியூர்க்காரர்கள் கையில் பொட்டலத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசற்படிக் கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஏறி இறங்கித் தேய்கிற தேய்வு இல்லை அது.

உள்ளே போனேன். ஒரு வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் கீழே துணித் துண்டுகள், மூன்று பக்கச் சுவரிலும் மேல்வரை கம்பளி அடுக்கு. பழுப்பு, சாம்பல், சிவப்பு. அடுக்கிலிருந்த ஒவ்வொரு கம்பளியின் மூலையிலும் நீல நூலில் நாலு தையல்.

அவர் இங்கே வந்திருக்கிறார். முதல் அடி அங்கேயே விழுந்துவிட்டது.

"அது என் அடையாளம்மா" என்றாள் மெஷினுக்குப் பின்னாலிருந்த பெண். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு நாடா. "என் கையால போனதுன்னு தெரியணும்ல. கிழிசல்னு நினைச்சுடாதீங்க."

நினைத்து, சண்டையும் போட்டு முடித்தாயிற்று. நான் யார் என்று சொன்னேன். அவள் எழுந்தே விட்டாள். மெஷின் இழுப்பறையைத் திறந்து எங்கள் முதல் பதிப்பை எடுத்தாள். அது எண்பத்து நான்காம் பக்கத்தில் தானாகப் பிரிந்துகொண்டது.

"அப்ப எனக்கு இருந்தது இந்த மெஷினும் ரெண்டு பிள்ளைங்களும்தான். தலையணை உறை தைச்சுக் குடுத்துட்டு இருந்தேன். திடீர்னு தினமும் யாராவது கதவைத் தட்டி, கம்பளி இருக்கான்னு கேட்கிறாங்க. எதிர்க்கடைக்குப் போங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஒருநாள் நேரா அந்த வியாபாரிகிட்ட போய்ச் சண்டைக்கு நின்னேன். அவருக்கு மனுஷங்களைக் கண்டாலே ஆகாது. இருபது கம்பளியைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒண்ணும் வாங்காமப் போறவங்களைப் பார்த்தா அடிக்கவே போயிடுவாரு. 'வர்றவங்க உன் வீட்டுக்குத்தானே வர்றாங்க? சரக்கை நீயே எடுத்துட்டுப் போய் வித்துக்கோ, என்னை விடு'ன்னு தூக்கிக் குடுத்துட்டாரு. அவர் மலைக்கு மேல போய் வாங்கிட்டு வருவாரு, நான் விப்பேன். இப்ப அவர் கடை எங்க கிடங்கு. ரெண்டு பிள்ளைங்களும் இதுலதான் படிச்சாங்க."

பிறகு என் பையிலிருந்த நோட்டையும் பேனாவையும் பார்த்தாள். முகம் மாறியது. "இப்ப மாத்தத்தான் வந்தீங்களா? மாத்திடாதீங்கம்மா. அந்தப் பக்கம் பூட்டுத்தான் தொங்குது."

"தப்புன்னு இருந்தா திருத்தித்தானே ஆகணும்" என்றேன். குரலில் பழைய சுருதி வரவில்லை. "எங்க வீட்டுக்காரர் பண்ணின குளறுபடி இது. அவருக்கு இடது வலது தெரியாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவரா? எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரேம்மா. இதோ, இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தாரு. புத்தகம் படிச்சவங்க எழுதின கடிதாசியெல்லாம் கையில வச்சிருந்தாரு. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்னாரு. எப்படிங்க இப்படி மாத்திப் போட்டீங்கன்னு கேட்டேன். 'அன்னிக்கு எனக்குக் கையில அடி. வண்டி ஓட்டினது என் சம்சாரம், எழுதினது நான். கடை இருந்தது அவ பக்கம், அப்படியே எழுதினேன். அவ வீட்டுக்குப் போய்ப் பழக்கதோஷத்துல அதை இடதுன்னு மாத்திட்டா'ன்னாரு."

கார் டிக்கி. நான்தான் அவசரமாக மூடினேன், அவர் இடது கையை எடுப்பதற்குள். விரல்கள் வீங்கிவிட்டன, கியர் போட முடியவில்லை. இரண்டு நாள் நான் ஓட்டினேன். அந்த இரண்டு நாளை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாக என் எழுத்து. நடுவில் ஐந்து பக்கம் மட்டும் அவருடைய சாய்ந்த எழுத்து. 'பாலம். உன் பக்கம். இரண்டாவது வாசல். கடைக்காரர் சிடுமூஞ்சி, சரக்கு தங்கம்.' உன் பக்கம். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது வலது பக்கம்.

"இதை அவங்ககிட்ட சொல்லலியான்னு கேட்டேன்மா" என்றாள் அவள். "சிரிச்சாரு. 'அவ தப்புன்னு தெரிஞ்சா புத்தகத்துல இருக்கிற அத்தனை பக்கத்தையும் சந்தேகப்படுவா. ராத்திரி தூங்க மாட்டா. என்னைத் திட்டிட்டான்னா நல்லா தூங்கிடுவா. அதுவும் இல்லாம, இப்ப வலதுன்னு மாத்தினா நீ என்னம்மா பண்ணுவே?'ன்னாரு. ஒரு கம்பளி வாங்கிட்டுப் போனாரு."

அந்தக் கம்பளியைத்தான் ஒட்டுப் போட்டது என்று அவர் முகத்தில் வீசினேன். அதே கம்பளியைத்தான் இந்த ஒரு வருடமாகப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு வந்த இரண்டு பேர் தயங்கி வாசலிலேயே நின்றார்கள். முப்பது வருடம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் சொன்னபோதும் தலையை ஆட்டிக்கொண்டு, இந்த மனுஷர் எப்படிச் சும்மா இருந்தார்? நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் அவர். அவர்தான் இல்லை.

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அண்ணி, அண்ணனுக்கு இடது வலது தெரியாதுங்கிறதும் நிஜம்தான். சின்ன வயசுல செருப்பையே மாத்தித்தான் போடுவான். அதுல நீங்க பொய் சொல்லல."

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரியும் சிரித்தாள். வாசலில் நின்றவர்கள் தைரியமாக உள்ளே வந்தார்கள். எழுந்துபோய் அவர்களுக்குச் சிவப்புக் கம்பளியை நானே எடுத்துக் காட்டினேன்.

அங்கிருந்தே பதிப்பகத்துப் பெண்ணுக்கு போன் செய்தேன். "இடதுதான் சரி. மேப்புதான் தப்பு. அப்புறம், அந்தப் பக்கத்துல ஒரு வரி சேர்த்துக்கோ. முதல் பதிப்புல ஒரு பிழை இருந்தது, அது என்னுடையது."

"எந்தப் பிழைம்மா? வரி மாறவே இல்லையே?"

"நீ சேர்த்துக்கோம்மா" என்றேன்.

கார் கிளம்பியது. ஊருக்குப் போனதும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். காலையில் முதலில் வருகிறவர் பால்காரர். அவரிடமிருந்தே தொடங்கிவிடலாம்.

ஏரி முடியும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள்.

"எந்தப் பக்கம் அண்ணி?"

"உங்கண்ணன் பக்கம்" என்றேன்.

அவள் மறுகேள்வி கேட்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள்.