அச்சில் விழுந்த முகம்

"கொடியில கை வைக்காதே கக்ரா! அப்படியே விடு" என்று கத்தினார் அம்போஃபோ மாமா.

கக்ரா முதல் துணியைப் பாதி உருவியிருந்தாள். இழவுக்குப் போடும் சிவப்புத் துணி, நடுவில் கறுப்பு மையில் அக்காவின் முகம். கொடி நெடுக நாற்பது துணிகள், நாற்பது முகங்கள். ஊர் வழக்கப்படி ஐந்து வாரம் பிணவறையில் வைத்திருந்த உடலோடு எட்டரைக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் குடும்பத்தார் எல்லாரும் இதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும்.

"ஏன் மாமா, இன்னும் காயலையா?"

"அது யார் மூஞ்சின்னு நல்லாப் பாரு."

பார்த்தாள். கை துணியை விட்டுவிட்டது.

இரட்டைப் பிள்ளைகளை அடையாளம் தெரிவதற்காக, பிறந்த வாரத்திலேயே அம்மா ஆளுக்கொரு கீறல் போட்டு மருந்துப் பொடி தேய்த்திருந்தாள். மூத்தவள் பன்யினுக்கு இடது கன்னத்தில், இளையவள் கக்ராவுக்கு வலது கன்னத்தில். முப்பத்தெட்டு வருஷமாகக் குமாசி ஊரில் இருவரையும் பிரித்துச் சொன்னது அந்தக் கீறல்தான். துணியில் இருந்தவளுக்குக் கீறல் வலது கன்னத்தில் இருந்தது.

"ரெட்டையில ஒண்ணு போயாச்சு. போனவ துணைக்குக் கூப்பிடுவாளோன்னு உங்கம்மா தூங்கி அஞ்சு வாரமாகுது. நீ உன் மூஞ்சியையே எழவுத் துணியில அடிச்சு வெச்சிருக்கே. இந்தா வரேன்னு சொல்றியா?"

ரப்பரில் அச்சு வெட்டுவது கக்ராவுக்குப் புதிதா என்ன? பழைய செருப்பு அடிகளில் மீனும் இலையும் முகமும் வெட்டி, துணியில் அச்சிட்டுக் கண்காட்சிக்கு வைப்பவள். படத்தை முதலில் பென்சிலால் தாளில் வரைவாள். தாளை ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்ப்பாள். இடம் வலமாகும். அச்சிடும்போது மறுபடி நேராகிவிடும். அந்த ஒரு நாள்தான் தாள் எடுக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் பன்யின்தான் அவசரப்படுத்தினாள். "மாமா தெரு முனையில பெரிசா போஸ்டர் வைப்பார். அதுல என்னை இளிக்க விடாதே. நீ வெட்டு. எல்லார் தோள்லயும் நான் உட்காரணும்."

"வாயை மூடுடி."

"மூக்கைச் சின்னதா வெட்டு. செத்த பிறகாவது அழகா இருக்கேன்."

"அது என் மூக்கும்தான்."

"அதனாலதான் சொல்றேன்."

கக்ரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நேராக ரப்பரில் வெட்டினாள். துகள்கள் போர்வையில் உதிர்ந்தன. கடைசியாகக் கன்னத்துக் கீறல். அதற்காகக் குனிந்தாள், இரண்டே வெட்டு. நிமிர்ந்தபோது பன்யின் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். கண் இமைக்கவில்லை.

அந்த ரப்பரைப் பையிலிருந்து எடுக்க நேற்றுவரை மனம் வரவில்லை. எடுத்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நாற்பது தடவை அழுத்தினாள்.

"எல்லாத்தையும் சுருட்டு. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வெறும் சிவப்புத் துணி வாங்கிக்கலாம்" என்றார் மாமா.

"அவ கேட்டது இது ஒண்ணுதான் மாமா."

"அவ கேட்டா? அவ கேக்கிறதையெல்லாம் குடுத்தா உன்னையும் குடுக்கணும்!"

"அண்ணே, இந்தப் பக்கம் வாங்க."

கொடிக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல். இருவரும் துணிகளை விலக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா துணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்லிய பருத்தி. மை ஊறி மறுபக்கமும் இறங்கியிருந்தது. மங்கலான முகம். புகைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. கீறல் இடது கன்னத்தில்.

"இது மூத்தவ" என்றாள் அம்மா.

மாமா தயங்கினார். "உள்பக்கத்தை வெளியே காட்டிக்கிட்டா போறது? ஊர் சிரிக்காது?"

"சிரிக்கட்டும். ரெண்டு பேர் கன்னத்தையும் கீறினவ நான். எனக்குத் தெரியாதா?"

மாமா கொடியிலிருந்து ஒரு துணியை உருவினார். உதறினார். திருப்பித் தோளில் போட்டுக்கொண்டார்.

வண்டி வந்தது. பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். அழ வேண்டியவர்கள் அழுதார்கள். பத்தரைக்குப் பெட்டியைத் தூக்கினார்கள்.

கக்ரா கடைசியில் நடந்தாள். அவளுக்கு முன்னே முதுகு முதுகாக, மங்கலாக, பன்யின் போய்க்கொண்டிருந்தாள். தெரு திரும்பும் இடத்தில் புழுதிக்காற்று அடித்தது. அம்மாவின் தோள்துணி எழும்பி மடங்கியது. உள்ளேயிருந்த கறுப்பு முகம், வலது கன்னத்துக் கீறலோடு, அழுத்தமாக, கக்ராவை நேராகப் பார்த்தது.

அம்மா திரும்பவில்லை. அவள் கை மட்டும் பின்னால் வந்து, துணியின் முனையைத் தேடிப் பிடித்து, இழுத்து முதுகோடு அழுத்திக்கொண்டது. இடுகாடு வரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.