எழுபத்திரண்டாம் நம்பர் மஞ்சள்

"கண்ணை நல்லா முழிச்சுப் பாரும்மா. இமைக்காதே."

ஜன்னலோரம் நின்ற மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். மாமனார் தன் பெயிண்ட் கடையின் வண்ண அட்டையை அவள் முகத்தருகே விரித்து, கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். முப்பத்தைந்து வருடமாக ஊரார் வீட்டுச் சுவர்களுக்கு நிறம் சொன்ன மனிதர். மருமகளின் கண்ணுக்குச் சொல்ல வராதா என்ன?

"நேத்து அறுபத்தஞ்சு. இன்னைக்கு எழுபத்திரண்டு" என்று அறிவித்துவிட்டு, காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதினார். அன்று திங்கட்கிழமை.

"ஏறிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. மார்க்கெட் நிலவரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

கல்யாணமாகி ஆறு மாதம். போன மாதம் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "உங்க மருமக கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு? எங்க சித்தப்பா குடிச்சுக் குடிச்சு இப்படித்தான் ஆனாரு." மருமகளோ காபிக்கு மேல் எதையும் குடித்தறியாதவள். கணவன் பாவம், மனைவியை விட்டுக்கொடுக்காமல், "கேரட் நிறையத் தின்னா அப்படி ஆகும்" என்றான். மாமியார் ஒரே போடாகப் போட்டாள்: "மஞ்சக்காமாலை. நோயை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கை பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய அறைக்குப் போனது. நோய் தொற்றும் என்று பயந்தவர்கள், அவள் கையால் சமைத்ததை மட்டும் மூன்று வேளையும் ரசித்துச் சாப்பிட்டார்கள். ஒரு மாதம் பார்ப்பது, குறையாவிட்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. மாமனார் நியாயஸ்தர். எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பார். அதனால்தான் காலண்டர்.

மாதம் முடிந்தது. சம்பந்தி வீட்டில் காட்ட ஒரு சர்டிபிகேட் வேண்டுமே என்று நான்கு பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"கண்ணு மஞ்சளாக ஏகப்பட்ட காரணம் இருக்கு. கிருமியால கல்லீரல் வீங்கலாம். பித்தப்பைக் கல்லு குழாயை அடைக்கலாம். குடியால ஆகலாம், சில மாத்திரையால ஆகலாம், ரத்த அணுக்கள் சீக்கிரம் உடைஞ்சாலும் ஆகலாம். இவங்களுக்கு இதுல ஒண்ணுகூட இல்லை."

"கேரட்?" என்றான் கணவன், நப்பாசையோடு.

"கேரட்டுக்கு உள்ளங்கைதான் மஞ்சளாகும். கண்ணு ஆகாது."

மாமனார் இதற்காகவே காத்திருந்தவர் போல, சுருட்டி வைத்திருந்த காலண்டரை மேஜையில் விரித்தார். "எதுக்கும் இதைப் பாத்துடுங்க. ஒரு மாசக் கணக்கு. நம்பர் ஏற ஏற மஞ்சள் ஜாஸ்தி."

"அடேங்கப்பா! எங்க நர்ஸுங்ககூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்களே!" டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாமனாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"மூணு திங்கக்கிழமை எழுபத்திரண்டு. ஞாயித்துக்கிழமை வீட்டுல என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லை. எங்க சொந்தக்காரங்க பத்துப் பேர் சாப்பிட வருவாங்க" என்றாள் மாமியார்.

"நீங்க எப்போம்மா சாப்பிடுவீங்க?" டாக்டரம்மா மருமகளைத்தான் கேட்டார். மற்ற மூவரும் அவளைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு அவர்களுக்குப் பதில் தெரியாது.

"எல்லாரும் சாப்பிட்ட பிறகு. சாதாரண நாள்ல முதல் வாய் வைக்கவே மூணு மணி ஆகும். ஞாயித்துக்கிழமைன்னா ராத்திரிதான். மிச்சம் இருந்தா."

"இங்க ரெண்டு நாள் எழுதலை. மறுநாள் வெறும் முப்பது. கிட்டத்தட்ட வெள்ளை. அது எப்படி?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாங்க. என் கண்ணைப் பாத்தா நாலு பேர் கேப்பாங்கன்னு என்னை விட்டுட்டுப் போனாங்க. ரெண்டு நாளும் பசிச்சப்போ சாப்பிட்டேன்."

டாக்டரம்மா காலண்டரை மடித்தார். "சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். ரொம்ப நேரம் பட்டினி கிடந்தா கண்ணுல மஞ்சள் தெரியும். இது நோயில்லை, யாருக்கும் ஒட்டாது. நல்ல ஆதாரம் சார் இது. பத்திரமா வச்சுக்கங்க." பிறகு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு. சாப்பாடு. தவறக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டை மருமகள் காலண்டர் தொங்கிய ஆணியிலேயே மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, சொந்தக்காரர்களும் வந்தார்கள். மணி ஒன்று அடித்தது. மருமகள் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த தன் தனித் தட்டை எடுத்து வந்து, மேஜையின் நடுவில் வைத்து உட்கார்ந்தாள்.

கரண்டியும் கையுமாக நின்ற மாமியார் பதறினாள். "ஏய், ஆம்பளைங்களே இன்னும் உக்காரலை!"

"மருந்து நேரம், அத்தை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகள் நிதானமாகப் பரிமாறிக்கொண்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களும் உக்காருங்க. காலையிலிருந்து நீங்களும்தான் ஒண்ணும் சாப்பிடலை."

மாமியார் நாற்காலியைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு கணவரின் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்த அட்டையைக் கொண்டாங்க. முப்பத்திமூணு வருஷமா நானும் கடைசியாத்தான் சாப்பிடறேன். என் கண்ணு என்ன நம்பர்னு பாருங்க."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் அவர் அட்டையை எடுத்து வந்தார். அவள் முகத்தருகே பிடித்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கண்களை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார்.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றார், அப்பாடா என்று.

"அப்போ பசி வெள்ளையாவும் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு, மாமியார் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டை இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மேஜையில் ஒரு நாற்காலி குறைந்தது. மாமனார் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார், மிச்சம் இருந்ததை.